தேனீ குத்தி உடம்பெல்லாம் தடித்துவிட்டது. பெட்டியை விடுவதா, வைத்திருப்பதா?

வளவுத்தேன் | பங்குனி 17, இரவு 9.40

வணக்கம். வீடு நீர்வேலிப் பக்கம். மூன்று வருடமாக வளவுக்குள் இரண்டு தேன்பெட்டி வைத்திருக்கிறேன். தொழில் இல்லை. கிழமை நாளில் கந்தோர் வேலை, சனி ஞாயிறில் மட்டும் பெட்டியோடு மினக்கெடுவேன். நல்ல வருடம் என்றால் இரண்டிலும் சேர்த்து ஏழெட்டுப் போத்தல் வரும். அதில் பாதி சொந்தக்காரருக்கே போய்விடும்.

முதல் கூட்டத்தை நான் தேடிப் போகவில்லை. ஒரு மார்கழி மழை விட்டதும் கிணற்றடிப் பூவரசில் தானாக வந்து தொங்கியது. அதனால் இந்தக் கேள்வியைக் கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

இதுவரை ஐம்பது அறுபது குத்து வாங்கியிருப்பேன். முதல் வருடம் ஒரு சின்ன வீக்கம், கொஞ்சம் கடி, அடுத்த நாள் ஒன்றும் இருக்காது. போன வருடம் விரலில் குத்தினால் முழங்கை வரை வீங்கி மூன்று நாள் நின்றது. அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மழைக்காலம் முழுக்கப் பெட்டியைத் திறக்கவும் இல்லை.

போன ஞாயிறு பின்னேரம், வேப்பம்பூத் தேன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கத் திறந்தேன். காதுக்குப் பின்னால் ஒன்று. ஒன்றே ஒன்றுதான். பத்து நிமிடம் இருக்காது, உள்ளங்கையும் உள்ளங்காலும் கடிக்கத் தொடங்கின. பிறகு வயிறு, தொடை எல்லாம் தடிப்பு. உதடு தடித்து, கதைத்தால் வேறு யாரோ கதைப்பதுபோல் இருந்தது. மனைவி வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துப் பூசினா. மாமி கொத்தமல்லி அவிக்கப் போனா. நான் எழும்பி முகம் கழுவக் கிணற்றடிக்குப் போக வெளிக்கிட்டேன். கண் இருண்டு படியிலேயே இருந்துவிட்டேன்.

முன்வீட்டுப் பெடியனின் ஓட்டோவில்தான் கொண்டுபோனார்கள். தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் நெஞ்சு திறந்தது. அந்த ஐந்து நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு இரவு மறித்து வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த நாள் விட்டார்கள். போகும்போது, "இனித் தேனீப் பக்கம் போகக்கூடாது" என்று டொக்டர் சொன்னார்.

இப்போது பெட்டி இரண்டும் அப்படியே நிற்கின்றன. மனைவி அந்தப் பக்கம் பார்க்கவும் விடுவதில்லை. என்னைப் போல் யாராவது இருக்கிறீர்களா? குளிசை போட்டுவிட்டுத் திறந்தால் போதுமா?


பன்னாடை | பங்குனி 17, இரவு 10.15

தம்பி, பயந்து பெட்டியை விற்றுவிடாதே. நான் தென்மராட்சியில் நாற்பது வருடமாகத் தேன் எடுக்கிறேன். முகவலையும் போடுவதில்லை, கையுறையும் போடுவதில்லை. எங்கள் அப்பு கள்ளு முட்டிக்குள் விழுந்து மிதக்கிற தேனீயைக் கையாலேயே வழித்து எறிவார். அவரை எத்தனை குத்தியிருக்கும்! தொண்ணூறு வயது வரை இருந்தார். குத்தக் குத்த உடம்பு பழகும். உனக்கு மழைக்காலத்தில் பழக்கம் விட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான். இனிக் கிழமைக்கு ஒன்று வாங்கு, சரி வரும்.


வெள்ளைச்சட்டை | பங்குனி 18, காலை 6.05

பன்னாடை அண்ணை கோவிக்கக் கூடாது. நான் முப்பது வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். கடைசி வரியில் நீங்கள் சொன்னதைத் தம்பி செய்தால், அடுத்த முறை இங்கே எழுத அவர் இருக்க மாட்டார்.

தம்பி, குத்தின இடத்தில் வீங்குவது விசத்தின் வேலை. அது எல்லோருக்கும் வரும். முழங்கை வரை ஏறி நாள்கணக்கில் நின்றது உங்கள் உடம்பு விசத்தோடு கோவித்துக்கொள்ளத் தொடங்கியதன் அடையாளம். ஆனாலும் அது அந்தக் கையோடு நின்றது. இந்த முறை காதில் குத்த, தொடையில் தடித்து, குரல் மாறி, கண் இருண்டிருக்கிறது. அது அனபைலக்சிஸ், உடம்பு முழுவதையும் தாக்குகிற கடும் ஒவ்வாமை. ஒருமுறை இப்படி வந்த பெரியவர்களுக்கு அடுத்த தேனீக் குத்திலும் வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது.

"பழகும்" என்ற கதைக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். பிரான்ஸ் நாட்டில் ரிஷே, போர்ட்டியே என்று இரண்டு விஞ்ஞானிகள். கடற்சாமந்தியின் நஞ்சைக் கொஞ்சமாகக் கொடுத்து நாய்களைப் பழக்கலாம் என்று பார்த்தார்கள். முதல் ஊசிக்கு ஒன்றும் நடக்கவில்லை. சில கிழமை கழித்து அதே நாய்க்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். அது அரை மணித்தியாலத்துக்குள் செத்தது. காப்புக்குக் கொடுத்தது எதிராகத் திரும்பியதால்தான் 1902இல் அதற்கு அனபைலக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1913இல் ரிஷேக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

குளிசை பற்றிக் கேட்டீர்கள். பிரிற்றன், செற்றிரிசின் போன்ற ஒவ்வாமைக் குளிசை எல்லாம் அரிப்புக்கும் தடிப்புக்கும்தான். மூச்சுக்குழாய் இறுகுவதையும் இரத்த அழுத்தம் விழுவதையும் அவை நிறுத்தாது. முன்கூட்டிப் போட்டுவிட்டுத் திறப்பதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தோலில் தெரிய வேண்டிய முதல் அடையாளத்தை அது மறைத்துவிடும், நீங்கள் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு நிற்பீர்கள். உங்களைக் காப்பாற்றியது தொடையில் போட்ட அந்த அட்ரினலின். வேறொன்றும் இல்லை.

இன்னொன்று. கண் இருண்டால் எழும்பி நடக்கக் கூடாது. கிணற்றடிக்கும் போகக் கூடாது. படுத்து, காலைத் தலையணையில் உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சு எடுக்கக் கஷ்டமென்றால் காலை நீட்டிக்கொண்டு சாய்ந்து இருக்கலாம். சடாரென்று எழும்பி நின்றதால் மட்டும் உயிர் போனவர்கள் உண்டு. சுகம் வந்தபிறகும் சில மணித்தியாலம் கழித்து மருந்து இறங்க மறுபடி வரலாம். உங்களை இரவு மறித்து வைத்தது அதற்காகத்தான்.

சுண்ணாம்பு பூசியதில் பிழை இல்லை, மனைவியைப் பேசாதீர்கள். அதற்குச் செலவழித்த நேரம்தான் பிழை.


முசுட்டை | பங்குனி 18, காலை 7.30

நீர்வேலி வாழைக்குப் பேர்போன ஊர் என்றதால் கேட்கிறேன். திறக்க முன் வாழைப்பழம் சாப்பிட்டீர்களா?


வளவுத்தேன் | பங்குனி 18, மதியம் 12.50

முசுட்டை, உங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு கதலி. தேத்தண்ணியோடு.


முசுட்டை | பங்குனி 18, மதியம் 1.20

ஒரு தேனீ குத்தினால் கொடுக்கோடு சேர்ந்து ஒரு மணமும் வெளிவரும். மற்றத் தேனீக்களுக்கு அது "இங்கே வா, இவனைக் குத்து" என்கிற அழைப்பு. அந்த மணத்தின் முக்கிய பொருள் ஐசோஅமைல் அசிற்றேற், பழுத்த வாழைப்பழத்தில் மணப்பதும் அதுதான். அதனால் பெட்டி திறக்கும் நாளில் நான் வாழைப்பழம் தொடுவதில்லை. வாசனை எண்ணெய், சென்ற், வியர்வை ஊறிய சேட் எதுவும் கூடாது. கறுப்பு உடுப்பும் வேண்டாம்.

கொடுக்கை எப்படி எடுப்பது என்று எங்கள் ஊரில் பெரிய சண்டை நடக்கும். கிள்ளக் கூடாது, நகத்தால் வழிக்க வேண்டும் என்பார்கள். எப்படி எடுத்தாலும் ஒன்றுதான், கெதியாக எடுக்க வேண்டும். கொடுக்கோடு கழன்று நிற்கிற நஞ்சுப்பை தானாகத் துடித்துக்கொண்டே இருக்கும். 20 விநாடிக்குள் பெரும்பங்கு உள்ளே போய்விடும். கத்தி தேடப் போனால் அவ்வளவுதான்.


பன்னாடை | பங்குனி 18, பின்னேரம் 5.45

பிள்ளை, நாயின் கதையை வாசித்தேன். ஆனால் பாதிக்குப் பாதி என்றால் பாதிப்பேருக்கு வராது என்றும் அர்த்தம் இருக்கிறதே?


வெள்ளைச்சட்டை | பங்குனி 18, பின்னேரம் 6.10

சில்லறையைச் சுண்டிப் பார்க்கிற விசயமா அண்ணை இது?


பனிப்பெட்டி | பங்குனி 19, அதிகாலை 4.30

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன், இங்கே இப்போது பின்னேரம். சொந்த ஊர் உரும்பிராய். வீட்டுக்குப் பின்னால் மூன்று பெட்டி. இங்கே இருப்பது மேற்குத் தேனீ, உங்கள் அடுக்குத் தேனீயைவிட உடம்பும் பெரிது, விசமும் கூட. எனக்கும் வளவுத்தேனுக்கு வந்ததேதான் ஆறு வருடத்துக்கு முன் வந்தது.

முதலில் பன்னாடை அண்ணைக்காக ஒன்று சொல்ல வேண்டும். அவர் சொன்னது முழுப்பொய் இல்லை. 1980களில் பிரான்சில் தேனீ வளர்ப்பவர்களைக் கொண்டு செய்த ஆய்வில், வருடத்துக்கு 200 குத்துக்கு மேல் வாங்குபவர்களிடம் இந்த ஒவ்வாமை காணப்படவில்லை. 25க்குக் குறைவாக வாங்குபவர்களிடம்தான் அதிகம் இருந்தது. அண்ணையும் அவருடைய அப்புவும் அந்த 200 பக்கம். எங்களைப் போல் சனி ஞாயிறு தேனீக்காரர் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். உடம்பு விசத்தை அடையாளம் கண்டு வைக்கப் போதுமான குத்து, பழகப் போதாத குத்து. மாரிகாலம் இடைவெளி விட்டுத் திறக்கிற முதல் நாள்தான் எனக்கும் நடந்தது. ஆனால் ஒருமுறை பக்கம் மாறிவிட்டால் வீட்டில் குத்து வாங்கிப் பழகி மறுபடி அந்தப் பக்கம் போக முடியாது.

ஆஸ்பத்திரியில் வைத்துப் பழக்க முடியும். நான் அதைத்தான் செய்கிறேன். சுத்தமான தேனீ விசத்தை நம்ப முடியாத அளவு சின்ன அளவில் தோலுக்குக் கீழே ஏற்றுவார்கள். கிழமைக்குக் கிழமை கூட்டிக்கொண்டே போய் 100 மைக்ரோகிராமில் நிறுத்துவார்கள். அது இங்கத்தைய தேனீ இரண்டு குத்திய அளவு என்று சொல்வார்கள். பிறகு மாதம் ஒன்று, மூன்று முதல் ஐந்து வருடம். தேனீ வளர்ப்பவர்களுக்குச் சில வேளை அளவைக் கூட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் போட்டபிறகு அரை மணித்தியாலம் கதிரையில் இருத்தி வைப்பார்கள். முதல் மாதங்களில் கையில் தோடம்பழம் அளவுக்கு வீங்கும். குளவி விசத்துக்கு இது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வரை காக்கும், தேனீ விசத்துக்கு எண்பது பக்கம்.

இதிலும் ஒரு கூத்து நடந்திருக்கிறது. பல பத்தாண்டுகளாக முழுத் தேனீயை அப்படியே அரைத்த சாற்றைத்தான் ஊசியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1978இல் அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, விசம் மட்டும் போட்டவர்கள் தப்பினார்கள். தேனீச் சாறு போட்டவர்கள் வெறும் தண்ணீர் மருந்து போட்டவர்கள் அளவுக்கே விழுந்தார்கள். அவ்வளவு காலமும் சனம் நம்பிக்கையைத்தான் ஊசியில் ஏற்றியிருக்கிறது.

போன ஆனியில் என்னை இரண்டு குத்தின. கை வீங்கியது, வேறு ஒன்றும் இல்லை. ஆனால் இடுப்புப் பையில் ஊசி இல்லாமல் இன்றைக்கும் பெட்டிப் பக்கம் போவதில்லை. மனுசியும் ஜன்னலடியில் நிற்பா.


தேயிலைத்தோட்டம் | பங்குனி 19, காலை 9.00

நான் ஹற்றன் பக்கம் பிறந்து இப்போது யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறேன். எங்கள் ஊர்ச் செய்தியில் அடிக்கடி வரும்: "குளவி கொட்டுக்கு இலக்காகித் தோட்டத் தொழிலாளர்கள் வைத்தியசாலையில்." பல வேளை அது குளவியே இல்லை. பாறையிலும் பெரிய மரத்திலும் ஒற்றை அடையாகத் தொங்குகிற பெருந்தேனீ, சிங்களத்தில் பம்பரா. பத்திரிகைக்காரர் இரண்டையும் குளவி என்று எழுதிவிடுவார்கள், சனமும் அப்படியே சொல்லும்.

சொல்லில் என்ன என்று நினைக்காதீர்கள். டொக்டரிடம் போய் "குளவி குத்திவிட்டது" என்றால் அவர் குளவி விசத்துக்குப் பரிசோதனை எழுதுவார். இரண்டும் வேறு விசம். கொடுக்கு தோலில் நின்றதா, பூச்சி எப்படி இருந்தது, கூடு எங்கே இருந்தது, இதைச் சொன்னால்தான் அவருக்கு விளங்கும்.

கொழுந்து எடுக்கப் போகிற பெண்களுக்கு நடப்பது வேறு. அங்கே ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில் விழும். ஒவ்வாமையே இல்லாத ஆளுக்கும் அவ்வளவு விசம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். எங்கள் பெரியம்மா அதில்தான் போனா. அவவுக்குப் பெட்டியை விடுவதா வைத்திருப்பதா என்ற கேள்வியே இருக்கவில்லை.


வளவுத்தேன் | பங்குனி 19, இரவு 8.20

தேயிலைத்தோட்டம், பெரியம்மாவுக்காக வருந்துகிறேன்.

எல்லோருக்கும் நன்றி. மனைவி இதை எல்லாம் என்னோடு இருந்து வாசித்தா. ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். பெட்டியைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. இனி ஊசியும் வேண்டாம், பயமும் வேண்டாம்.


வெள்ளைச்சட்டை | பங்குனி 19, இரவு 9.15

தம்பி, பெட்டி போகும். தேனீ எங்கே போகும்?

உங்கள் வளவில் வேம்பு பூத்திருக்கிறது, வேலியில் முருங்கை நிற்கும். சித்திரை வெயிலுக்குக் கிணற்றடி ஈரத்தில் தண்ணீர் குடிக்க ஊர்த்தேனீ எல்லாம் வரும். கால் வைத்தால் குத்தும். பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊசி உங்களுக்கு வேண்டும். முதலில் அதைப் பாருங்கள். பெட்டிக் கதையை ஆறுதலாகப் பார்க்கலாம்.

அட்ரினலினைச் சட்டையில் கொழுவிக்கொண்டு போகிற பேனை மாதிரி ஒரு சாதனம் வெளிநாட்டில் உண்டு. தொடையில் வைத்து அழுத்தினால் ஊசி தானாகப் போய்ப் போடும். எங்கள் பார்மசியில் அதைக் கேட்டால் பேனைக்கடையைக் காட்டுவார்கள். ஒவ்வாமை பார்க்கிற விசேட வைத்தியரிடம் போனால் அளவு நிரப்பிய ஊசி தந்து எப்படிப் போடுவது என்று பழக்கிவிடுவார். நீங்களே அம்பூல் வாங்கி நிரப்ப வெளிக்கிட வேண்டாம். ஒரு அம்பூலில் ஒரு மில்லிகிராம் இருக்கும். பெரிய ஆளுக்குத் தொடைத் தசையில் அதில் பாதிதான். அதை இரத்த நாளத்துக்குள் விட்டால் இதயமே குழம்பும். குணம் வராவிட்டால் ஐந்து நிமிடத்தில் இரண்டாவது போடலாம் என்பதால் இரண்டு ஊசி கையில் இருக்க வேண்டும்.

மனைவிக்கும் முன்வீட்டுப் பெடியனுக்கும் போடத் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குக் கை நடுங்கும். போட்டவுடன் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018இல் இருந்து எங்கள் பக்கமும் ஓடுகிறது, காசு இல்லை. அன்றைக்கு ஓட்டோவில் உங்களை இருத்தியா கொண்டுபோனார்கள்? இனிப் படுக்க வைத்துத்தான்.

பெட்டி வைத்திருக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. பிரஷருக்கோ இதயத்துக்கோ பீற்றா புளொக்கர் குளிசை குடிப்பவர்களுக்கு அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். எங்கள் வயதுக்காரர் பலரின் குளிசைப் பையில் அது கிடக்கும். அதைத் தானாக நிறுத்தவும் கூடாது. டொக்டரிடம் "நான் தேனீ வளர்க்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவர் வேறு மருந்து பார்ப்பார்.


பனிப்பெட்டி | பங்குனி 20, அதிகாலை 3.50

அக்கா சொன்னதோடு இன்னொன்று. நான் ஒருமுறை ஊருக்கு வந்தபோது இந்தப் பேனையை மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்துவிட்டு நாள் முழுக்கத் திரிந்தேன். 25 பாகைக்கு மேல் அது தாங்காது. குளிர்சாதனப் பெட்டியிலும் வைக்கக் கூடாது. வீட்டில் மண்பானைக்குப் பக்கத்தில், வெளிச்சம் படாமல் வையுங்கள். மருந்து மண்ணிறமாகிவிட்டால் எறியுங்கள். இங்கிருந்து யாராவது கொண்டுவந்து தருவதாகச் சொன்னால் திகதியையும் பாருங்கள், ஒன்றரை வருடத்துக்கு மேல் தாங்குவது அரிது.


உடுப்புத்தோய்ப்பவள் | பங்குனி 20, காலை 10.40

நான் தேனீ வளர்க்கவில்லை, தேனீ வளர்ப்பவரைக் கட்டியவள். இந்த இழையை வாசித்ததும் ஒரு கணக்குத் திறந்து உள்ளே வந்துவிட்டேன்.

அவர் தேன் எடுத்துவிட்டு வந்து கழற்றிப் போடுகிற சேட்டைத் தோய்த்தால் எனக்கு மூக்கு ஓடும், தும்மல் நிற்காது. "சவர்க்காரத் தூள்தான்" என்று மூன்று வருடம் சவர்க்காரம் மாற்றினோம். கடைசியில் ஒரு டொக்டர்தான் கேட்டார், வீட்டில் தேனீ இருக்கிறதா என்று. உடுப்பில் காய்ந்து கிடக்கிற விசமும் தேனீத் தூசும் மூச்சோடு போயே வீட்டுக்காரருக்கு ஒவ்வாமை வரலாமாம். தேனீ வளர்ப்பவர்களின் பெண்சாதி பிள்ளைகளில் இதைக் கண்டிருக்கிறார்களாம்.

இப்போது அவர் தன் உடுப்பைக் கோடிப்புறத்தில் கழற்றி, தனி வாளியில் தானே தோய்க்கிறார். முதல் கிழமை பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். வளவுத்தேனின் மனைவிக்குச் சொல்லுங்கள்.


கைதடியாள் | பங்குனி 21, காலை 8.15

யாரும் கொசுத்தேன் பற்றிச் சொல்லவில்லையே!

தம்பி, குத்தாத தேனீ உண்டு. சுவர் வெடிப்பிலும் பழைய மரப்பொந்திலும் இருக்கும், வாசலில் மெழுகுக் குழல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கறுப்பு, கொசு அளவு. கொடுக்கு இருக்கிறது, ஆனால் தேய்ந்துபோய்க் குத்தப் பயன்படாது. கோபம் வந்தால் தலைமயிருக்குள் புகுந்து கடிக்கும். எரிச்சல்தான், விசம் இல்லை.

நான் மூன்று கூட்டம் வைத்திருக்கிறேன். ஒன்று மண்முட்டியில், இரண்டு பலகைப் பெட்டியில். அடை கட்டும் சட்டம் இல்லை, புகை இல்லை, பொச்சுமட்டை கொளுத்தி ஊதி இருமுகிற வேலை இல்லை. ஆனால் பேராசைப்படக் கூடாது. அடுக்குத் தேனீ போத்தலில் தருவதை இது கோப்பையில் தரும். தேன் அடையில் இருக்காது, திராட்சை அளவு மெழுகு முட்டிகளில் இருக்கும். புளிப்பாக இருக்கும், தண்ணீர்த்தன்மை கூட. அவசரப்பட்டு எல்லா முட்டியையும் குத்தி எடுத்தால் மாரிக்குக் கூட்டம் பட்டினியில் போகும். சுவரில் இருந்து பெட்டிக்கு மாற்றப் பொறுமை வேண்டும். வாசற்குழலோடு புதுப்பெட்டியை ஒரு குழாயால் இணைத்துவிட்டு மாதக்கணக்கில் விட்டு வைப்பேன். ஒருநாள் தாங்களே உள்ளே கட்டத் தொடங்கும்.

என் கொய்யாவும் பாகலும் காய்ப்பது இவையால்தான் என்று நான் நம்புகிறேன். தோட்டத்துக்குப் புகையிலை மருந்தடிக்கிற நாளில் மட்டும் வாசலில் ஈரத்துணி போட்டு மூடிவிடுவேன்.


பன்னாடை | பங்குனி 21, காலை 9.00

கொசுத்தேனீ வளர்ப்பது ஆடு இருக்கிற வீட்டில் முயல் வளர்ப்பது மாதிரி.


கைதடியாள் | பங்குனி 21, காலை 9.05

முயல் முட்டாது அண்ணை.


வளவுத்தேன் | ஆவணி 6, இரவு 8.00

ஐந்து மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஊசி கிடைத்துவிட்டது. விசேட வைத்தியர் ஒருவர் இரண்டு நிரப்பித் தந்திருக்கிறார். அது கனகாலம் நிற்காது என்பதால் திகதி எழுதி, முடிய முன் மாற்றிக்கொள்கிறேன். முன்வீட்டுப் பெடியன் தோடம்பழத்தில் உப்புத்தண்ணி ஊசி போட்டுப் பழகினான். மூன்றாவது பழத்தில் கை நிலைத்தது. மனைவி முதல் பழத்திலேயே சரியாகப் போட்டா. குசினிக் கதவின் உட்பக்கம் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறோம்: படுக்க வை, தொடையில் போடு, 1990.

இரத்தப் பரிசோதனைக்கு உடனே போகவில்லை. குத்தின கையோடு எடுத்தால் இல்லை என்று காட்டக்கூடும், நாலைந்து கிழமை பொறுக்க வேண்டும் என்றார். பொறுத்து எடுத்தோம். தேனீ விசத்துக்கு இருக்கிறது, குளவிக்கு இல்லை. தேயிலைத்தோட்டம் சொன்னபடி கொடுக்கு நின்ற கதையை முதலிலேயே சொன்னேன், அது உதவியது. பனிப்பெட்டி சொன்ன விச ஊசி பற்றியும் கேட்டேன். மருந்து வெளியில் இருந்து வர வேண்டும், வருடக்கணக்கில் விடாமல் போட முடியும் என்றால்தான் தொடங்க வேண்டும், இடையில் நிற்பாட்டுகிற வேலை கூடாது என்றார். என் பெயரைக் குறித்து வைத்திருக்கிறார்.

பெட்டி இரண்டும் கொடிகாமத்தில் மருமகனிடம் போய்விட்டன. தென்னங்காணி, அவனுக்கு இருபத்துநாலு வயது, ஆர்வமும் இருக்கிறது. இரவில் வாசலை அடைத்து லான்ட்மாஸ்டரில் ஏற்றினார்கள். நான் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். ஒரு கூட்டம் ஒரு மாதத்துக்குள் பறந்துவிட்டது. இந்தத் தேனீயின் குணம் அது, இடம் பிடிக்காவிட்டால் நிற்காது. மற்றது நன்றாக இருக்கிறது. அவன் கையில் சட்டத்தைத் தூக்கி வீடியோவில் காட்ட, நான் இங்கிருந்து "ராணிக் கண்ணறையைப் பார், கீழே பார்" என்று கத்துகிறேன். சில நாள் கோபம் வந்து தொலைபேசியை வைத்துவிடுகிறான்.

கிணற்றடி மதிலில் கொசுத்தேன் ஒன்று இருப்பதைப் போன கிழமைதான் கண்டேன். எத்தனை வருடமாக இருந்ததோ.


பன்னாடை | ஆவணி 6, இரவு 9.30

தம்பி நல்லா இரு.

வெள்ளைச்சட்டைப் பிள்ளை, ஒரு கேள்வி. அற்றெனலோல் என்று ஒரு குளிசை எட்டு வருடமாகக் குடிக்கிறேன். நீ அன்றைக்குச் சொன்ன வகையா அது? பங்குனியில் கேட்க நினைத்தேன்.


வெள்ளைச்சட்டை | ஆவணி 6, இரவு 9.42

ஓம் அண்ணை, அதே வகைதான். நிற்பாட்ட வேண்டாம், இன்றைக்கும் வழமைபோல் குடியுங்கள். அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியையும் கொண்டுபோய், தேனீ இருக்கிறது என்று சொல்லுங்கள். கடைசியாகக் குத்தினபோது எப்படி இருந்தது?


பன்னாடை | ஆவணி 6, இரவு 10.05

வைகாசியில். கழுத்தில் இரண்டு. கொஞ்சம் தலை சுற்றியது, வெயில் என்று நினைத்தேன்.

கிளினிக் செவ்வாய்க்கிழமை. மகளின் பழைய கல்யாணச் சீலை வலையில் ஒரு முகவலை தைக்கக் கொடுத்திருக்கிறேன்.